நெட்டையும் குட்டையும்

வேப்பனப்பள்ளியைச் சூழ்ந்த மேட்டு நிலங்களில் மழையை நம்பிக் கேழ்வரகு விளைவிக்கின்றனர். தொலைவில் நின்று நோக்குவார்க்குப் பயிர் முழுவதும் ஒரே மட்டமாகத் தோன்றும். வயலில் இறங்கி அளந்தால் உண்மை விளங்கும். ஒன்று நெடியது; அதனினும் இரண்டு விரற்கடை தாழ்ந்தது மற்றொன்று; இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது பிறிதொன்று. மிக நெடியனவும் மிகக் குறியனவும் சில, நடுத்தரமானவை பல. உயர வரிசையில் அவற்றை அடுக்கினால், நெட்டை இங்கு முடிந்தது, குட்டை இங்குத் தொடங்கிற்று என்று கோடு கிழிக்க எவராலும் இயலாது. இதனைத் தொடர் மாறுபாடு என்பர் உயிர்நூலார்.

மக்களின் உயரமும் தோலின் நிறமும் இத்தகையனவே. உயரத்தை ஆள்வது ஒரு மரபணு மட்டும் அன்று. 54 இலட்சம் மக்களின் மரபணுக் குறிப்புகளை ஆராய்ந்த அறிஞர்கள், உயரத்தோடு தொடர்புடைய 12,000-க்கும் மேற்பட்ட மரபணு வேறுபாடுகளைக் கண்டு 2022-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அவற்றுள் ஒவ்வொன்றும் தினையளவே கூட்டும் அல்லது குறைக்கும். இளமையில் உண்ட உணவும் உற்ற நோயும் தம் பங்கைச் செலுத்தும். பல துளிகள் கூடிய வெள்ளத்தில் படிகளைக் காண்பது எங்ஙனம்?

பகுத்துப் பெயரிடுதல் அறிவிற்குத் துணையாவதே. நம் முன்னோர் ஒரு நாளை ஆறு சிறுபொழுதுகளாகப் பகுத்தனர். ஆயினும் காலைக்கும் நண்பகலுக்கும் இடையே மதில் உண்டோ? நாம் இட்ட பெயரை இயற்கை எழுப்பிய மதிலாகக் கருதும்பொழுதே தீங்கு விளைகின்றது.

வரலாறு இதற்குச் சான்று. ஆங்கில ஆட்சியில் அலுவலராயிருந்த ஹெர்பர்ட் ரிஸ்லி என்பார், வங்காளம் முதலிய பகுதிகளில் மக்களின் மூக்கை அளப்பித்தார். அவ்வளவுகளின் சராசரியைக் கொண்டு சாதிகளின் உயர்வு தாழ்வை விளக்க முற்பட்டு, 1891-ஆம் ஆண்டில் நூல் வெளியிட்டார். சராசரியோ ஓர் எண். அதன் பின்னே நிற்கும் மக்கள் பலதிறத்தார். உயர்ந்தோர் எனப்பட்ட கூட்டத்தில் அகன்ற மூக்கினரும், தாழ்ந்தோர் எனப்பட்ட கூட்டத்தில் கூரிய மூக்கினரும் உண்டு. அமெரிக்க அறிஞர் ரிச்சர்டு லெவொண்டின் 1972-ஆம் ஆண்டில் உலக மக்களின் மரபு வேறுபாடுகளைக் கணக்கிட்டார். அவற்றுள் நூற்றுக்கு ஏறத்தாழ 85 பங்கு ஒவ்வொரு மக்கட்கூட்டத்தின் உள்ளேயே அமைந்திருத்தலைக் கண்டார்.

வேப்பனப்பள்ளிக்கு அணித்தே கருநாடகமும் ஆந்திரமும் உள்ளன. தமிழும் கன்னடமும் தெலுங்கும் அப்பகுதியில் கலந்து ஒலிக்கின்றன. ஆட்சிக்கு அங்கே எல்லைக்கல் உண்டு. அக்கல்லைக் கடந்தவுடன் மக்களின் முகமும் நிறமும் மாறிவிடுவதில்லை.

மாணவர்களே! உடன்பயில்வோரை நெட்டை என்றும் கறுப்பு என்றும் எள்ளி நகையாடுதல் இன்றும் நம் பள்ளிகளில் ஒழிந்தபாடில்லை. உடற்பயிற்சிக் களத்தில் உயரம் நோக்கி முன்னும் பின்னுமாக நும்மை நிறுத்துவது பார்வையின் வசதிக்காக அமைந்த ஓர் ஒழுங்கு. அவ்வரிசையைக் கொண்டு ஒருவரது மதிப்பை அளப்பது பேதைமை. வகுப்பினுள் நுழைந்ததும் அவ்வரிசை கலைந்துவிடுகிறது. நும் உள்ளத்திலும் அது கலைந்துவிடல் வேண்டும்.