ஓரை பார்ப்போரே, ஊரைப் பாருங்கள்!

சுக்கிர ஓரையிலே புறப்படு, சனி ஓரையிலே படி தாண்டாதே என்று பஞ்சாங்கம் கட்டளையிடுகிறது, படித்தவரும் பணிகிறார். முன்னே சோதிடர் விரல்விட்டு எண்ணினார். இன்றோ, கைப்பேசியில் கள்ளக்குறிச்சி என்று தட்டினால் போதும், அன்றைய 24 ஓரைகளும் நிமிடக் கணக்கோடு வந்து நிற்கின்றன. "ஊருக்கு ஊர் தனியே கணிக்கிறார்களே, இது விஞ்ஞானமன்றோ?" என்று கேட்கும் இளைஞரும் உளர். அவர்களுக்காகவே இதனை எழுதுகிறோம்.

கணக்கை முதலில் பார்ப்போம். இந்தியக் கடிகாரம் 82½ பாகைத் தீர்க்கரேகையைத் தழுவியது. கள்ளக்குறிச்சி 79 பாகையை ஒட்டியது. பாகைக்கு 4 நிமிடம். ஆகவே அங்கே உச்சிப்பொழுது, சராசரியாக, கடிகாரத்துக்கு 14 நிமிடம் பிந்துகிறது. பகலை 12 பங்காக வகுத்தால், ஜூன் மாதத்து ஓரை ஏறத்தாழ 64 நிமிடம்; டிசம்பரில் 57. இவற்றை நாம் மறுக்கவில்லை. ஆனால் இது பூமி சுழலும் கணக்கு. இதிலே சனிக்கும் சுக்கிரனுக்கும் என்ன வேலை?

ஓரை என்பது கிரேக்கர் வழங்கிய 'ஹோரா'. பூமி நடுவே அசையாது நிற்கிறது என்று நம்பிய அக்காலத்தவர், மெதுவாக நகர்வது முதல் விரைந்து நகர்வது வரை, சனி, வியாழன், செவ்வாய், ஞாயிறு, வெள்ளி, புதன், திங்கள் என வரிசை அமைத்தனர். அதனை மணிக்கு ஒன்றாகச் சுழற்றினர். ஞாயிறன்று முதல் ஓரை ஞாயிற்றுக்கு. 25-ஆவது ஓரை திங்களுக்கு. எனவே மறுநாள் திங்கட்கிழமை! அழகான ஏற்பாடுதான், ஆனால் மனிதன் செய்த ஏற்பாடு. அதன் அடித்தளத்தை 1543-இல் வெளிவந்த கோப்பர்னிக்கசின் நூல் பெயர்த்தெறிந்தது. 1781-இல் யுரேனசும் 1846-இல் நெப்டியூனும் கண்டறியப்பட்டன. அவற்றுக்கு ஓரை உண்டா? நிமிடத்தைத் திருத்தினார்கள், நினைப்பைத் திருத்தவில்லை. இல்லாத ஊருக்கு எத்தனை துல்லியமாக வழி சொன்னால் என்ன, போய்ச் சேர முடியுமோ?

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே கல்வராயன் மலை. அங்கே கிழக்குச் சரிவில் நிற்பவன் கதிரவனை முன்னே காண்கிறான். பள்ளத்தில் இருப்பவன், முகடு மறைப்பதால் பின்னே காண்கிறான். இருவரில் எவரைக் கேட்டு ஓரைக்கு உரியவர் பதவி ஏற்கிறார்?

நேரம் முக்கியமில்லை என்றா சொல்கிறோம்? இல்லை! வெள்ளிமலைக்கு அப்பாலுள்ள சிற்றூரில் ஒரு தாய்க்குப் பேறுகால வலி கண்டால், ஒவ்வொரு நிமிடமும் உயிர்தான். வண்டி எப்போது வரும், பாதை எப்படி, மருத்துவமனை எத்தனை கல் தொலைவு என்பதன்றோ அப்போது போடவேண்டிய கணக்கு? இராகு காலம் கழியட்டும் என்று 90 நிமிடம் காத்திருக்கச் சொல்வது சாத்திரமா, கொலையா?

2024 ஜூனில் கருணாபுரத்தில் என்ன நடந்தது? மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அந்த நஞ்சு குரு ஓரையில் கருணை காட்டுவதில்லை. மருத்துவம் விரைந்தால் பிழைக்க வழியுண்டு; பிந்தினால் கண்ணும் போகும், உயிரும் போகும். அங்கே, "நேரம் சரியில்லை" என்று ஒருவர் பெருமூச்சு விட்டால், விற்றவன் தப்புகிறான். விற்க விட்டவன் தப்புகிறான். வறுமையை வளர்த்த சமுதாயமும் தப்புகிறது. குற்றவாளிக் கூண்டில் கோளை ஏற்றிவிட்டு, குற்றவாளியை வீட்டுக்கு அனுப்புவதே ஓரையின் உண்மையான பலன்!

இராகு காலத்திலேயே மணம் முடித்துக் காட்டினர் சுயமரியாதைத் தோழர்கள். அத்தகைய மணத்தைச் செல்லுபடியாக்கிய 1967-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் முகூர்த்தம் கேட்கவில்லை; மணமக்களின் சம்மதத்தைக் கேட்டது.

தோழர்களே! கையிலுள்ள கருவியில் ஓரையைத் தேடாதீர்கள். மலைக்குப் பேருந்து வரும் நேரத்தைத் தேடுங்கள்; வராவிடில், ஏன் வரவில்லை என்று கேளுங்கள். கேள்வி கேட்பதற்கு எல்லா நேரமும் நல்ல நேரமே!