போஸ் சாலையில் ஒரு பீப் ஒலி

காரின் எந்த உறுப்பாக இருந்தாலும் மல்லிக் பஜாரில் கிடைக்கும் என்பது கொல்கத்தாக்காரர்களின் நம்பிக்கை. காலையில் திருட்டுப்போன சக்கர மூடியை மாலையில் அங்கேயே பேரம் பேசி வாங்கி வரலாம் என்பது ஊரின் பழைய நகைச்சுவை. பார்க் ஸ்ட்ரீட்டும் ஆச்சார்ய ஜகதீஷ் சந்திர போஸ் சாலையும் சந்திக்கும் முனையை ஒட்டிய இந்தச் சந்தையில் கழற்றிப்போட்ட கதவுகளும் கண்ணாடிகளும் கம்பிச் சுருள்களும் நடைபாதை வரை வழிகின்றன. உத்தர்பாராவில் அம்பாசடர் கார் உற்பத்தி 2014இல் நின்றுபோனது. மல்லிக் பஜார் மட்டும் நிற்கவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை அங்கே வந்து நின்றார் லேக் மார்க்கெட் பகுதியில் முப்பது ஆண்டுகளாக வசிக்கும் ஒரு தமிழர். ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி. கையில் சிகரெட் பெட்டி அளவுக்கு ஒரு கறுப்புக் கருவி. அமெரிக்காவில் இருக்கும் மைத்துனர் மகன் விடுமுறைக்கு வந்தபோது கொடுத்துவிட்டுப் போன ரேடார் டிடெக்டர். "மாமா, ரோட்டுல போலீஸ் ரேடார் வெச்சிருந்தா இது முன்னாடியே பீப் பீப்னு சொல்லிடும்" என்று சொல்லியிருந்தான். மா மேம்பாலத்தில் வேக வரம்பைத் தாண்டியதாக இரண்டு முறை செல்பேசியில் அபராதச் செய்தி பெற்றிருந்த மாமாவுக்கு அது வரப்பிரசாதமாகத் தெரிந்தது.

மல்லிக் பஜாருக்கு வருவதற்கு முன்பே அதைப் பொருத்தியும் பார்த்துவிட்டார். சிகரெட் லைட்டர் துளையில் செருகினால் வயர் கியர் மீது தொங்கியது. செல்பேசிக்கு சார்ஜ் போடவும் வழியில்லை. வீட்டருகே ஒரு எலக்ட்ரீஷியன் அரை மணி நேரத்தில் வேலையை முடித்துக்கொடுத்தார். டாஷ்போர்டுக்குக் கீழே கையில் அகப்பட்ட ஒரு வயரைச் சுரண்டி, புது வயரைச் சுற்றி, கறுப்பு டேப் ஒட்டிவிட்டார். இருநூறு ரூபாய். இடையில் மூன்று நாள் காரை எடுக்கவில்லை. நான்காம் நாள் சாவியைத் திருப்பினால் 'டக்' என்ற சத்தத்தோடு சரி.

மல்லிக் பஜார் மிஸ்திரி டாஷ்போர்டுக்குக் கீழே தலையை நுழைத்து டேப்பைப் பிரித்துப் பார்த்தார். "பேட்டரி செத்ததோடு போச்சே என்று சந்தோஷப்படுங்கள், தாதா" என்றார். "வண்டி எரிந்திருக்கலாம்."

அவர் பயமுறுத்தவில்லை. கணக்கு எளிமையானது. இந்த மாதிரிக் கருவி சுமார் கால் ஆம்பியர் மின்சாரம் எடுக்கும். ஓடும் வண்டியில் அது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் எலக்ட்ரீஷியன் பிடித்த வயர், சாவியை எடுத்த பிறகும் உயிரோடு இருக்கும் வயர். கால் ஆம்பியர் 24 மணி நேரம் ஓடினால் 6 ஆம்பியர்-அவர். மூன்று நாளில் 18. சிறிய கார்களின் பேட்டரி பெரும்பாலும் 35 ஆம்பியர்-அவர்தான். அதில் பாதி போய்விட்டால், வயதான பேட்டரியால் எஞ்சினைச் சுழற்ற முடியாது.

தீ என்பது இரண்டாவது கணக்கு. ஃப்யூஸ் என்பது கருவியைக் காப்பாற்றுவதற்காக என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது காப்பாற்றுவது வயரை. 15 ஆம்பியர் ஃப்யூஸ் உள்ள தடத்திலிருந்து நூல் போன்ற வயரை இழுத்துவிட்டு, அது எங்கோ தகட்டில் உரசி ஷார்ட் ஆனால், ஃப்யூஸ் போவதற்கு முன்பே வயர் சூடேறி அதன் பிளாஸ்டிக் உறை உருகத் தொடங்கிவிடும். உறை உருகும் இடம் டாஷ்போர்டுக்கு உள்ளே. அங்கே சுற்றிலும் இருப்பதும் பிளாஸ்டிக்தான். மெல்லிய வயருக்கு, அது புறப்படும் இடத்திலேயே தனியாக ஒரு சிறிய ஃப்யூஸ் வேண்டும். இரண்டு ஆம்பியர் போதும்.

இதை முறையாகச் செய்ய அதிகம் செலவாகும் என்பதும் தவறான எண்ணம். மிஸ்திரி எடுத்து வைத்தவை நான்கே பொருள்கள்: 'ஃப்யூஸ் டேப்' எனப்படும் சிறிய செருகி ஒன்று, இரண்டு ஆம்பியர் ஃப்யூஸ் ஒன்று, சில அடி வயர், போல்ட்டில் மாட்டுவதற்கு வளைய முனை ஒன்று. எல்லாம் சேர்த்து அந்த எலக்ட்ரீஷியன் வாங்கிய கூலியைவிடப் பெரிதாகக் கூடிவிடாது. இதற்கு எந்த வயரையும் வெட்ட வேண்டாம், சுரண்ட வேண்டாம். வேண்டாம் என்று தோன்றினால் இழுத்து எடுத்துவிட்டால் கார் பழையபடி ஆகிவிடும். வாரண்டி முடியாத வண்டிக்கு இது முக்கியம்.

வேலை நடக்கும் விதம் இதுதான். ஃப்யூஸ் பெட்டியைத் திறந்து, சாவி இருந்தால் மட்டும் மின்சாரம் வரும் ஃப்யூஸ் எது என்று டெஸ்ட் லைட்டாலோ மல்டிமீட்டராலோ பார்க்க வேண்டும். சாவி போட்டால் 12 வோல்ட், எடுத்தால் பூஜ்யம். வைப்பர், ரேடியோ, லைட்டர் துளை ஆகியவற்றின் ஃப்யூஸ்கள் பொதுவாகத் தோதானவை. ஏர்பேக், ஏபிஎஸ் பிரேக், எஞ்சின் கம்ப்யூட்டர் ஆகியவற்றின் ஃப்யூஸ்களைத் தொடவே கூடாது. தேர்ந்தெடுத்த ஃப்யூஸைப் பிடுங்கி, அந்த இடத்தில் டேப்பைச் செருகி, டேப்பில் உள்ள இரண்டு குழிகளில் ஒன்றில் பழைய ஃப்யூஸையும் மற்றொன்றில் புதிய சிறிய ஃப்யூஸையும் வைக்க வேண்டும். ஃப்யூஸின் அளவில் மினி, மைக்ரோ என்று வகைகள் உண்டு. பழைய ஃப்யூஸைக் கையோடு கொண்டுபோய்க் காட்டி வாங்குவது நல்லது. டேப்பைத் திருப்பிச் செருகினாலும் கருவி வேலை செய்யும். ஆனால் அப்போது புதிய கருவியின் மின்சாரம் பழைய ஃப்யூஸ் வழியாகவும் போகும். பழைய ஃப்யூஸைத் தற்காலிகமாக எடுத்துவிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். அது இல்லாமலேயே கருவிக்கு மின்சாரம் வந்தால் டேப் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

சிவப்பு வயர் டேப்புக்கு. கறுப்பு வயர் வண்டியின் உடம்புக்கு, அதாவது எர்த்துக்கு. அந்த போல்ட்டில் பெயின்ட் இருந்தால் பிடிப்பு சரியாக இருக்காது. வெறும் உலோகம் தெரிய வேண்டும். பிறகு வயரை முன்கண்ணாடியின் ஓரத் தூண் வழியாக மேலே ஏற்றி, கூரைத் துணியின் விளிம்புக்குள் விரலால் தள்ளிவிடலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: பக்கவாட்டில் திரை ஏர்பேக் உள்ள வண்டிகளில் அது மடிந்திருப்பது அந்த ஓரங்களில்தான். வயர் அதன் பின்னால் போக வேண்டும். முன்னால் போனால், விபத்தின்போது ஏர்பேக் விரியும் வழியில் வயர் நிற்கும்.

கருவி உட்காரும் இடம் ரியர்வியூ கண்ணாடிக்குப் பக்கத்தில், ஓட்டுநரின் பார்வையை மறைக்காமல், முன்னால் உலோகப் பூச்சு எதுவும் இல்லாமல் இருக்க வேண்டும். மே மாத வெயிலில் பூட்டி நிறுத்திய காரில் ரப்பர் உறிஞ்சு குமிழ்கள் கழன்று விழுவது சகஜம். கண்ணாடியையும் குமிழையும் துடைத்துவிட்டு ஒட்டினால் கொஞ்ச நாள் கூடத் தாங்கும்.

முக்கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. சாவியைத் திருப்பியதும் கருவி கண் விழித்தது. உடனே கத்தவும் தொடங்கியது. சாலையில் எங்கும் போலீஸ் இல்லை. பக்கத்தில் வந்து நின்ற ஒரு புதிய காரைப் பார்த்துக் கத்துகிறது என்று மிஸ்திரி கண்டுபிடித்தார்.

காரணம் இருக்கிறது. காவல்துறையின் ரேடார் துப்பாக்கிகளில் ஒரு வகை 24 கிகாஹெர்ட்ஸ் அலையை அனுப்புகிறது. எதிரே வரும் வண்டியில் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் கொஞ்சம் கூடியிருக்கும். ரயில் நெருங்கும்போது ஊதல் ஒலி கூர்மையாவது போலத்தான். மணிக்கு 60 கிலோமீட்டரில் வரும் வண்டிக்கு அந்த வித்தியாசம் நொடிக்குச் சுமார் 2,680 அதிர்வுகள். அதை வைத்து வேகம் கணக்கிடப்படுகிறது. அலை போய்த் திரும்புவதற்குள் மிகவும் மெலிந்துவிடும். போகும் வழியிலேயே பிடிப்பவனுக்கு அது வலுவாகக் கிடைக்கும். டிடெக்டர் முந்திக்கொள்வது இதனால்தான். ஆனால் அதே அலைவரிசையைக் கடைகளின் தானியங்கிக் கதவுகளும் பக்கவாட்டு வண்டிகளைக் காட்டும் கார் சென்சார்கள் சிலவும் பயன்படுத்துகின்றன. டிடெக்டருக்கு இவை எல்லாமே போலீஸ்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இந்த அலைகளை உலகில் முதலில் ஆண்டவர்களில் ஒருவர், மல்லிக் பஜார் எந்தச் சாலையில் இருக்கிறதோ அந்தச் சாலைக்குப் பெயர் தந்தவர். பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்த ஜகதீஷ் சந்திர போஸ், 1895இல் கல்கத்தா டவுன் ஹாலில், கண்ணுக்குத் தெரியாத அலைகளைச் சுவர்களுக்கு ஊடே அனுப்பி ஒரு மணியை ஒலிக்கவைத்தார், வெடிமருந்தைப் பற்றவைத்தார். அவர் கையாண்ட அலைகளின் நீளம் இரண்டரை சென்டிமீட்டரிலிருந்து அரை சென்டிமீட்டர் வரை. இன்றைய 24 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ ஒன்றேகால் சென்டிமீட்டர். அலையை உணர அவர் கலீனா என்னும் ஈயக் கனிமப் படிகத்தைப் பயன்படுத்தினார். அதற்கு அமெரிக்கக் காப்புரிமை 1904இல் கிடைத்தது. காப்புரிமையில் அவருக்கு ஆர்வம் இருக்கவில்லை என்பது வேறு கதை. லேக் மார்க்கெட்காரரின் கையில் இருந்த பெட்டி அந்தப் படிகத்தின் தூரத்துப் பேரன்.

ஆனால் கொல்கத்தாவில் அந்தப் பேரனுக்கு வேலை குறைவு. சாலைகளில் இப்போது வேகத்தை அளப்பதில் பெரும் பங்கு லேசர் துப்பாக்கிகளுக்கும் கேமராக்களுக்கும். லேசர் வானொலி அலை அல்ல, அகச்சிவப்பு ஒளி. 300 மீட்டர் தொலைவிலும் அதன் விரிவு ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். குறிவைத்த வண்டியின் மீது மட்டும் விழும். அரை நொடிக்குள் வேலை முடிந்துவிடும். லேசரையும் உணரும் டிடெக்டர்கள் உண்டு. ஆனால் அவை கத்தும்போது, வேகம் பதிவாகி முடிந்திருக்கும். படம் மட்டும் எடுக்கும் கேமராவோ எந்த அலையையும் அனுப்புவதில்லை. அங்கே டிடெக்டர் மௌனச்சாமியார்.

அமெரிக்காவிலேயே வர்ஜீனியா மாநிலத்தில் இந்தக் கருவியைப் பயன்படுத்தத் தடை உண்டு. இந்தியாவில் சட்டம் வேறு விதமாக யோசித்திருக்கிறது. மின்னணுக் கண்காணிப்புக்காக 2021 ஆகஸ்டில் வந்த மத்திய மோட்டார் வாகன விதி, கண்காணிக்கப்படும் பகுதிக்கு முன்னால் எச்சரிக்கைப் பலகை கண்ணில் படும்படி வைக்கப்பட வேண்டும் என்கிறது. ஆயிரக்கணக்கில் செலவழித்து வாங்கும் பீப் ஒலியின் வேலையை ஒரு தகரப் பலகை செய்கிறது.

பீப் ஒலியில் ஆபத்தும் இருக்கிறது. அது கேட்டதும் ஓட்டுநர் செய்யும் முதல் காரியம் பிரேக்கை மிதிப்பது. மேம்பாலத்தில் பின்னால் ஒட்டியபடி வருகிறவருக்கு அந்த பீப் கேட்காது. கேட்காத நேரத்தில் என்ன நடக்கிறது என்பது இன்னும் முக்கியம். டிடெக்டர் மௌனமாக இருந்தால் வேகமாகப் போகலாம் என்று கால் பழகிவிடுகிறது. 60 கிலோமீட்டரில் போகும் கார் நொடிக்கு சுமார் 17 மீட்டர் கடக்கும். 80இல் 22 மீட்டர். வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடியது. மோதும் ஆற்றலோ முக்கால் பங்குக்கு மேல் கூடிவிடுகிறது. 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. பத்தில் ஏழு சாவுகளுக்கு அது காட்டும் காரணம் அதிவேகம். 2019இல் திருத்தப்பட்ட சட்டப்படி காரில் வேக வரம்பைத் தாண்டுவதற்கான அபராதம் ஆயிரம் முதல் இரண்டாயிரம் ரூபாய். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஓட்டுநர் உண்மையில் எதற்குப் பயப்பட வேண்டும் என்பது தெரியும்.

மிஸ்திரி இவ்வளவு பேசவில்லை. கத்திக்கொண்டிருந்த கருவியை இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு, "இதே வயரில் கேமரா மாட்டலாம், தாதா. யாராவது இடித்துவிட்டு நீங்கள்தான் இடித்தீர்கள் என்று சொன்னால் காட்டலாம்" என்றார். டாஷ்கேம் எடுக்கும் மின்சாரமும் பெரும்பாலும் ஒரு ஆம்பியருக்குள்தான். அதே ஃப்யூஸ் டேப், அதே எர்த், அதே பாதை. கேமராக்கள் பல ஐந்து வோல்ட்டில் ஓடுபவை என்பதால் நடுவில் ஒரு சிறிய மாற்றி மட்டும் கூடுதலாக வேண்டும்.

லேக் மார்க்கெட்காரர் கொஞ்சம் யோசித்தார். மைத்துனர் மகன் அடுத்த முறை வந்து கேட்டால் என்ன சொல்வது என்பதுதான் அவருடைய கவலை. கருவியைக் கழற்றி மேலறையில் போட்டுக்கொண்டார். வயரை மட்டும் அப்படியே விட்டுவைக்கச் சொன்னார். மிஸ்திரி அதன் முனையில் டேப் சுற்றி, கூரைத் துணிக்குள் செருகிவிட்டு, டேப்பிலிருந்த இரண்டு ஆம்பியர் ஃப்யூஸைப் பிடுங்கி அவர் கையில் கொடுத்தார்: "கேமரா வாங்கும் வரை இது உங்கள் சட்டைப் பையில் இருக்கட்டும்."

கார் போஸ் சாலையில் திரும்பியது. மேம்பாலத்தில் ஏறும் முன் வேக வரம்பைச் சொல்லும் பலகையைத் தேடிப் படித்தார் அவர். இத்தனை வருஷமாக அது அங்கேதான் இருந்தது.