உயிர் பெரிதா? வழக்குப் பெரிதா?

ஒரு வீட்டில் இரண்டு வாலிபர்கள் சேர்ந்து போதை மருந்து உட்கொண்டார்கள் என்று வைத்துக் கொள்வோம். சற்று நேரத்தில் ஒருவன் பேச்சற்று விழுகிறான். உதடு நீலம் பாய்கிறது; மூச்சு நின்று நின்று வருகிறது. மற்றவன் என்ன செய்ய வேண்டும்? டாக்டரைக் கூப்பிட வேண்டும் என்று சிறு பிள்ளையும் சொல்லும். ஆனால் டாக்டருக்குப் பின்னாலேயே போலீசும் வரும், தன் சட்டைப் பையிலுள்ள பொட்டலத்துக்காகத் தன் கையில் விலங்கு விழும் என்று அவன் பயப்படுகிறான். முகத்தில் தண்ணீரை அடித்துப் பார்க்கிறான். கன்னத்தில் தட்டிப் பார்க்கிறான். கடைசியில் கதவைச் சாத்திவிட்டு ஓடிவிடுகிறான். விழுந்தவன் சாகிறான். இவனைக் கொன்றது மருந்து மாத்திரமா? மருந்து பாதி, சட்டத்தின் பயம் பாதி என்பதே நமது அபிப்பிராயம்.

ஐக்கிய அமெரிக்காவில் 2021-ம் வருஷத்தில் மாத்திரம் அளவுக்கு மீறிய போதை மருந்தால் செத்தவர்கள் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள். இவர்களில் பெரும்பாலோரின் சாவில் அபின் இனத்தைச் சேர்ந்த மருந்துகள், முக்கியமாய் பெண்டானில் என்பது, சம்பந்தப்பட்டிருந்தன. இவை அளவுக்கு மிஞ்சினால் மூளையில் மூச்சை நடத்தும் பாகத்தையே அடக்கிவிடும். இதற்கு மாற்று மருந்து இல்லாமலில்லை. நலோக்சோன் என்பதை மூக்கில் பீச்சினாலும் ஊசியாகப் போட்டாலும் சில நிமிஷங்களில் மூச்சு திரும்பக்கூடும். அதன் வேகம் சீக்கிரம் தணிந்துவிடுமாதலால் டாக்டரும் வந்தாக வேண்டும். ஆகவே, இவன் பிழைப்பதும் சாவதும் பக்கத்திலிருப்பவன் எவ்வளவு சீக்கிரம் உதவிக்கு ஆள் அழைக்கிறான் என்பதைப் பொறுத்ததே தவிர, பிரமன் எழுதிய தலையெழுத்தைப் பொறுத்ததல்ல.

இதை உணர்ந்துதான் 2007-ல் அந்நாட்டின் நியூ மெக்சிகோ ராஜ்யம் முதன்முதலாக ஒரு சட்டம் செய்தது. உயிர் போகும் சமயத்தில் உதவி கேட்டவனையும், யாருக்காகக் கேட்டானோ அவனையும், போதை மருந்து வைத்திருந்த குற்றத்துக்காக வழக்கில் மாட்டுவதில்லை என்பதே அதன் சாரம். இப்போது அங்கு பெரும்பாலான ராஜ்யங்களில் இவ்விதச் சட்டம் இருக்கிறது. கனடா பார்லிமெண்டு 2017-ல் தேச முழுமைக்கும் செய்துவிட்டது. மருந்தை விற்றுக் கொழுக்கிற வியாபாரிக்கு கனடாச் சட்டத்தில் பாதுகாப்புக் கிடையாது.

இதற்கும் ஆட்சேபிக்கிறவர்கள் உண்டு. இப்படிச் சட்டம் செய்தால் போதை பழகிகள் பெருகிவிடுவார்களாம்! ஊரில் விஷக்கடி வைத்தியர் இருக்கிறார் என்பதற்காக எவனாவது பாம்புப் புற்றுக்குள் கையை விடுவானா என்று கேட்கிறோம். இன்னும் சிலர், பாபம் செய்தவன் பலனை அனுபவிக்கட்டும் என்கிறார்கள். எவ்வளவு பாதகம் செய்தவனும் காசிக்குப் போய் ஒரு முழுக்குப் போட்டால் சுத்தமாகிவிடுவான் என்று சொல்லுகிற கூட்டம், சிநேகிதன் உயிரைக் காப்பாற்ற ஓடி வந்தவனுடைய ஒரு பொட்டலத்தை மன்னிக்கக் கூடாது என்கிறது. இதுதானா இவர்கள் பேசும் ஜீவகாருண்யம்?

நிற்க, சட்டம் செய்துவிட்டால் மாத்திரம் போதுமென்று நாம் சொல்லவில்லை. அமெரிக்க சர்க்காரின் தணிக்கை ஸ்தாபனம் 2021-ல் பல ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்தது. இச்சட்டமுள்ள இடங்களில் சாவு குறைவாயிருக்கும் போக்குத் தென்படுகிறதென்று சொல்லிற்று. ஆனால் சட்டம் இருப்பது ஜனங்களுக்கும் போலீசாருக்கும் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் தெரிந்திருக்கவில்லை என்றும் சொல்லிற்று. தெரியாத சட்டத்தால் யாருக்குத் தைரியம் வரும்? அன்றியும், அங்கு பல ராஜ்யங்களில் மருந்தைப் பகிர்ந்து கொடுத்த கூட்டாளியின் மீதே மரணத்துக்கான குற்றம் சாட்டவும் வேறு சட்டம் இருக்கிறது. ஒரு கையால் அபயம் கொடுத்து மறு கையால் கழுத்தைப் பிடித்தால் எவன் நம்பி வருவான்?

இனி நம் நாட்டைப் பார்ப்போம். 1985-ம் வருஷத்துப் போதைப் பொருள் சட்டத்தின் 27-வது பிரிவுப்படி உட்கொள்வதே குற்றம். ஹெராயின் போன்றவற்றுக்கு ஒரு வருஷம் வரை ஜெயில். அதே சட்டத்தின் 64-ஏ பிரிவு, தானாக முன்வந்து போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை பெறுகிற பழகியை வழக்கிலிருந்து விடுகிறது. நல்லதுதான். ஆனால் நடுராத்திரியில் சாகக் கிடக்கிறவனுக்காக ஆம்புலன்சைக் கூப்பிடுகிற தோழனைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கூடக் கிடையாது.

இதே சர்க்கார் 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134-ஏ என்ற பிரிவைச் சேர்த்து, ரோட்டில் அடிபட்டவனுக்கு நல்லெண்ணத்துடன் உதவி செய்கிறவனுக்குப் பாதுகாப்புக் கொடுத்திருக்கிறது. போலீசுக்கும் கோர்ட்டுக்கும் பயந்து ஜனங்கள் ஒதுங்கிப் போவதால் உயிர் போகிறது என்பதை ரோட்டில் ஒப்புக்கொண்ட சர்க்கார், வீட்டுக்குள் ஒப்புக்கொள்ளாததற்கு என்ன நியாயம்? ரோட்டில் கிடப்பவன் மனிதன், போதையில் கிடப்பவன் மனிதனல்லவா?

போதையை நாம் ஆதரிக்கவில்லை. அது மனிதனுடைய அறிவைக் கெடுப்பது. ஆனால் அறிவைத் திருத்துவதற்கு முதலில் ஆள் உயிரோடிருக்க வேண்டும். பிணத்துக்குப் புத்தி சொல்ல முடியாது. ஆதலால், உதவி கேட்டவனையும் விழுந்து கிடந்தவனையும் உட்கொண்டதற்காகவோ சொற்பம் வைத்திருந்ததற்காகவோ கைது செய்வதில்லை, வழக்கும் தொடர்வதில்லை என்று நம் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்க்க வேண்டும். சேர்த்ததை ஒவ்வொரு போலீஸ் ஸ்டேஷனிலும் ஆஸ்பத்திரியிலும் எழுதி ஒட்ட வேண்டும். இதனால் சர்க்காருக்கு நஷ்டமாவது சில வழக்குகள். மிஞ்சுவது மனித உயிர்கள். எது பெரிதென்று வாசகர்களே யோசித்துப் பார்க்கட்டும்.