சிவப்பு விளக்கும் கேள்வி கேட்கும் உரிமையும்

வீதிச் சந்திகளில் சிவப்பு விளக்கை மீறிச் செல்லும் வாகனங்களைக் கமெராக்கள் மூலம் படம்பிடித்துத் தண்டம் விதிக்கும் முறை உலகின் பல நாடுகளில் வேரூன்றிவிட்டது. எமது நாட்டிலும் அதற்கான அடித்தளம் இடப்பட்டுள்ளது. 2024ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் கொழும்பு நகரில் சி.சி.ரி.வி. கமெராக்களின் துணையுடன் போக்குவரத்து விதிமீறல்களைக் கண்டறியும் நடவடிக்கையைப் பொலிஸார் ஆரம்பித்தனர். இந்நிலையில், இத்தகைய கமெராக்கள் குறித்துக் கேள்வி எழுப்பும் உரிமை சாதாரண பிரஜைக்கு உண்டா, அக்கேள்விக்குப் பதிலளிக்கும் கடமை யாருக்கு உண்டு என்பன இப்போதே சிந்திக்கப்பட வேண்டிய விடயங்களாகும்.

கற்பிட்டிக் குடாநாட்டின் ஆலங்குடா போன்றதொரு கரையோரக் கிராமத்தில் வாழ்பவருக்கு இது கொழும்பின் பிரச்சினையாகவே தோன்றக்கூடும். உண்மை அதுவல்ல. மரக்கறி ஏற்றிச் செல்லும் லொறியும், நோயாளியைக் கொண்டு செல்லும் வேனும் இங்கிருந்து தலைநகருக்குச் செல்கின்றன. அங்கு கமெராவில் பதிவாகும் விதிமீறலுக்கான அறிவித்தல், வாகனத்தின் பதிவுசெய்யப்பட்ட உரிமையாளரைத் தேடியே வருகின்றது. வாகனத்தை விற்ற பின்னரும் உரிமை மாற்றம் செய்யாமல் விட்டுவிடும் வழக்கம் மலிந்துள்ள எமது நாட்டில், ஒருவர் செய்த குற்றத்துக்கு மற்றொருவர் பதில் கூற வேண்டிய நிலை ஏற்படுவதற்கு அதிக காலம் செல்லாது.

இவ்விடயத்தில் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் நிகழ்ந்த ஒரு சம்பவம் நினைவுகூரத்தக்கது. பீவர்ட்டன் என்ற சிறிய நகரில் வசிக்கும் மேட்ஸ் ஜார்ல்ஸ்ட்ரொம் என்பவரின் மனைவிக்கு 2013ஆம் ஆண்டில் சிவப்பு விளக்குக் கமெரா ஒன்றின் மூலம் தண்டம் விதிக்கப்பட்டது. அதனைச் செலுத்திவிட்டு அமைதியாக இருந்துவிடாமல், மஞ்சள் விளக்கு எத்தனை விநாடிகள் எரிய வேண்டும் என்பதை எவ்வாறு தீர்மானிக்கின்றனர் என்று அவர் ஆராயத் தொடங்கினார். 1959ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட சூத்திரமொன்று நேராகச் செல்லும் வாகனங்களுக்கே பொருந்துகின்றது என்பதையும், திரும்புவதற்காக வேகத்தைக் குறைக்கும் வாகனங்களுக்கு அந்த நேரம் போதாது என்பதையும் அவர் கண்டறிந்தார். நகர நிர்வாகத்திடம் முறையிட்டார், பயன் கிட்டவில்லை. மாநிலப் பொறியியல் சபையோ, அனுமதிப்பத்திரமின்றிப் பொறியியல் தொழில் புரிந்ததாகக் கூறி அவருக்கு 500 டொலர் அபராதம் விதித்தது. கேள்வி கேட்டதே குற்றமாகிவிட்டது.

எனினும் அவர் பின்வாங்கவில்லை. அவரது பேச்சுரிமையை 2018 டிசம்பர் மாதத்தில் சமஷ்டி நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. 2020ஆம் ஆண்டில் போக்குவரத்துப் பொறியியலாளர்களின் சர்வதேச நிறுவகமே மஞ்சள் விளக்கு தொடர்பான தனது வழிகாட்டலைத் திருத்தியமைத்தது. நிபுணர்கள் அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கவனிக்கத் தவறியதை ஒரு சாதாரண வதிவாளரின் கேள்வி வெளிக்கொணர்ந்தது.

மஞ்சள் விளக்கின் நேரம் அற்ப விடயமன்று. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு விநாடியில் ஏறத்தாழ 14 மீற்றர் தூரத்தைக் கடந்துவிடுகின்றது. அரை விநாடி குறைந்தாலும் 7 மீற்றர் வித்தியாசம் ஏற்படும். நேர்மையான சாரதியைக் குற்றவாளியாக்க அதுவே போதுமானது. சிக்காகோ நகரில் 2014ஆம் ஆண்டில், குறைந்தபட்ச அளவான 3 விநாடிகளைக்கூட எட்டாத மஞ்சள் விளக்குகளின் அடிப்படையில் சுமார் 77,000 தண்டப் பத்திரங்கள் வழங்கப்பட்டிருந்தமையை அந்நகரின் கண்காணிப்பு அதிகாரியே வெளிப்படுத்தினார். அதே நகரில் கமெரா ஒப்பந்தத்துக்காக இலஞ்சம் பெற்ற நகர அதிகாரி ஒருவருக்கு 2016ஆம் ஆண்டில் 10 வருட சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. வேலியே பயிரை மேய்ந்த கதைதான் இது.

இவற்றைக் கொண்டு கமெராக்களே வேண்டாம் என்ற முடிவுக்கு வருவது தவறாகும். இலங்கையில் ஆண்டுதோறும் 2000க்கும் மேற்பட்டோர் வீதி விபத்துக்களில் உயிரிழக்கின்றனர். அமெரிக்க சமஷ்டி நெடுஞ்சாலை நிர்வாகம் 2005ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, சிவப்பு விளக்குக் கமெராக்கள் பொருத்தப்பட்ட சந்திகளில் பக்கவாட்டில் மோதும் விபத்துக்கள் சுமார் 25 சதவீதத்தால் குறைந்தன. அதேவேளை, திடீரென நிறுத்தப்படும் வாகனங்களின் பின்புறத்தில் மோதும் விபத்துக்கள் சுமார் 15 சதவீதத்தால் அதிகரித்தன. பக்கவாட்டு மோதல்களே பெரும்பாலும் உயிரைப் பறிப்பவை என்பதால் நன்மையே மேலோங்குகின்றது. ஆனால் எந்தச் சந்திக்கு எது பொருந்தும் என்பதைக் கணக்கெடுத்தே தீர்மானிக்க வேண்டும் என்பதையும் அந்த ஆய்வு உணர்த்துகின்றது.

எமது நாட்டில் பொறுப்பு பலரிடம் சிதறிக் கிடக்கின்றது. பிரதான வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடமும், ஏனையவற்றில் ஒரு பகுதி மாகாண சபையிடமும், கிராமிய வீதிகள் பிரதேச சபையிடமும் உள்ளன. சட்டத்தை அமுல்படுத்துவது பொலிஸார். எனவே வதிவாளர் ஒருவர் பிரதேச சபையில் கேள்வி எழுப்பினால், "இது எமது விடயமல்ல" என்ற பதில் மிக இலகுவாகக் கிடைத்துவிடும்.

அந்தப் பதிலை நாம் ஏற்பதற்கில்லை. நீதிமன்றங்கள் விதிக்கும் தண்டப்பணம் உள்ளூராட்சி மன்றங்களின் வருமான வழிகளுள் ஒன்று என்பதை அவற்றின் வரவு செலவுத் திட்டங்களைப் புரட்டிப் பார்ப்போர் அறிவர். தண்டப்பணத்தின் பலனைப் பெறும் சபை, அது அறவிடப்படும் முறை பற்றிய கேள்வியிலிருந்து மட்டும் ஒதுங்கிக்கொள்வது எவ்வகையில் நியாயம்? பொதுப்பணம் ஓர் அமானிதம். அதற்குக் கணக்குக் கேட்பது பகைமையன்று.

அயல்நாடான இந்தியா 2021ஆம் ஆண்டில் மோட்டார் வாகன விதிகளில் சில பாதுகாப்புக்களைச் சேர்த்தது. கமெரா பொருத்தப்பட்டுள்ள இடத்தில் எச்சரிக்கைப் பலகை இருத்தல் வேண்டும்; கருவிக்கு அங்கீகாரச் சான்றிதழ் இருத்தல் வேண்டும்; விதிமீறல் நிகழ்ந்து 15 நாட்களுக்குள் அறிவித்தல் அனுப்பப்பட வேண்டும் என்பன அவற்றுள் அடங்கும். கொழும்பில் ஆரம்பிக்கப்பட்ட முறை ஏனைய நகரங்களுக்கும் விரிவுபடுத்தப்படுமாயின், அதற்கு முன்னர் இத்தகைய நிபந்தனைகள் எமது சட்டத்திலும் தெளிவாக இடம்பெற வேண்டும். எடுக்கப்படும் படங்களை யார் வைத்திருப்பது, எவ்வளவு காலம் வைத்திருப்பது என்பனவும் வரையறுக்கப்பட வேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் நோக்கமும் அதுவேயாகும்.

மக்களின் கையில் ஆயுதம் இல்லாமலில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உள்ளூராட்சி மன்றங்களையும் கட்டுப்படுத்துகின்றது. எந்தவொரு பிரஜையும் காரணம் எதுவும் கூறாமலே தகவல் கோரலாம். எழுத முடியாதவர் வாய்மூலமும் கோரலாம். தகவலை வழங்குவதா இல்லையா என்பதைத் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானித்தாக வேண்டும். மறுக்கப்பட்டால் மேன்முறையீடு செய்யவும், இறுதியில் ஆணைக்குழுவின் கதவைத் தட்டவும் வழியுண்டு.

ஆலங்குடா மக்களுக்கு இச்சட்டத்தின் பெறுமதி சற்று அதிகம் எனலாம். 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் கணிசமானோர் இக்குடாநாட்டில் தஞ்சமடைந்தனர். அவர்களில் பலர் நீண்டகாலம் வாழ்ந்தது புத்தளத்தில். வாக்குரிமை இருந்தது வடக்கில். தாம் அன்றாடம் நடக்கும் வீதியைப் பற்றிக் கேட்பதற்குத் தாம் தெரிவுசெய்த உறுப்பினர் இல்லாத நிலை அது. பின்னர் 2023 மார்ச் மாதத்தில் உள்ளூராட்சி மன்றங்களின் பதவிக்காலம் முடிவடைந்து, 2025 மே 6ஆம் திகதி தேர்தல் நடைபெறும் வரை நாடு முழுவதுமே அந்நிலையை அனுபவித்தது. தகவல் அறியும் சட்டமோ, கேட்பவர் எந்த ஊரின் வாக்காளர் என்று வினவுவதில்லை.

ஆகவே கேள்விகள் கமெரா வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கடந்த ஆண்டுகளில் எமது பகுதியில் விபத்துக்கள் எங்கெங்கு நிகழ்ந்தன? பாடசாலை, பள்ளிவாசல், கோயில், தேவாலயம் ஆகியவற்றின் அருகே பாதசாரிக் கடவையும் வீதி விளக்கும் உள்ளனவா? தண்டப்பணமாகச் சபைக்குக் கிடைத்த தொகை எவ்வளவு, அதில் வீதிப் பாதுகாப்புக்குச் செலவானது எவ்வளவு? சபை அமர்வில் இக்கேள்விகள் இன்றே எழுப்பப்படலாம். இவற்றுக்கு விடையளிக்கப் பழகிய சபையே, நாளை ஒரு கமெராவின் நியாயத்தையும் விளக்கவல்லதாக இருக்கும்.

சிவப்பு விளக்கின் முன் சாரதி நின்றேயாக வேண்டும். அதில் விட்டுக்கொடுப்புக்கு இடமில்லை. அவ்வாறே, வரி செலுத்தும் வதிவாளரின் கேள்விக்கு முன் நிர்வாகமும் நின்று பதில் கூறியாக வேண்டும் என்பதே எமது நிலைப்பாடாகும்.