குற்றம் எவருடையது? – ஷெல்லின் மாறிகள் குறித்து ஒரு மறுப்பு

கணினித்துறையில் வேரூன்றிவிட்ட ஒரு தீர்ப்பினை மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். யுனிக்ஸ் வழிவந்த பணிசெயல் முறைமைகளிற் கட்டளை எழுதப் பழகும் மாணவன் ஒருவன், அழிக்கக் கருதிய கோப்பை விட்டுக் கருதாத கோப்பை அழித்துவிட்டு வந்து நின்றால், “மாறியை மேற்கோட்குறிக்குள் இடாதது உன் கவனக்குறைவு” என்றே அவனுக்குச் சொல்லப்படுகின்றது. பாடநூல்களும் அதனையே சொல்கின்றன; மூத்த மாணவரும் அதனையே சொல்கின்றனர். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக, வெவ்வேறு நாடுகளில், ஒருவரையொருவர் அறியாத எண்ணற்றோர் இந்த ஒரே பிழையைச் செய்து வந்துள்ளனர். இவர்கள் அனைவரும் ஒருசேரக் கவனக்குறைவுடையோர் என்று நம்புவதா? அன்றி, அவர்கள் கைக்குக் கொடுக்கப்பட்ட கருவியே கோணலானது என்று ஏற்பதா? பின்னதே உண்மை என்பது எமது துணிபு.

ஷெல் எனப்படுவது, பயனர் தட்டச்சிடும் கட்டளையைப் படித்து, அதற்குரிய செய்நிரலை இயக்கித் தரும் இடைநிலைச் செய்நிரலாகும். முறைமையின் கருவைச் சூழ்ந்து நிற்பதால் ‘ஓடு’ எனும் பொருள்படும் அப்பெயரைப் பெற்றது. பெயர்களுக்குப் பெறுமானம் இட்டு வைக்கவும் அது இடந்தருகின்றது. அப்பெயர்களே மாறிகள்.

கணிதம் பயின்ற எவரும் மாறியென்றால் யாதென அறிவர். ஒரு பெயருக்கு ஒரு பெறுமானம் இடப்பட்டால், அப்பெயர் வருமிடமெல்லாம் அப்பெறுமானமே முழுமையாக நிற்கும். ஷெல் இவ்வெளிய உடன்படிக்கையை மீறுகின்றது. ஓர் உதாரணம் காண்போம். ஷெல்லின் நியமப்படி மாறிப் பெயர்கள் ஆங்கில எழுத்துகளாலேயே அமைதல் வேண்டுமெனினும், விளக்கத்தின்பொருட்டு ஈண்டு அவற்றைத் தமிழில் எழுதுகின்றோம். ‘கோப்பு’ என்ற மாறிக்கு ‘ஆண்டு மலர்’ என்ற பெயரைப் பெறுமானமாக இட்டு, பின்னர் ‘அழி $கோப்பு’ என்று கட்டளையிட்டால், ‘ஆண்டு மலர்’ என்ற கோப்பு அழியாது. ‘ஆண்டு’ என்றொரு கோப்பும் ‘மலர்’ என்றொரு கோப்பும் அங்கிருப்பின் அவ்விரண்டுமே அழியும்! ஷெல் பெறுமானத்தைப் பெயருக்குப் பதிலாக வைத்த பின்னர், இடைவெளி கண்ட இடத்தில் அதனைத் துண்டாக்குகின்றது. அத்தோடும் அமையாது, துண்டுகளில் உடுக்குறி இருந்தால் அதனை ‘எல்லாக் கோப்புகளும்’ எனப் பொருள்கொண்டு விரிக்கவும் செய்கின்றது. ஒரு தொடரைப் பிரித்து வேறு பொருள் காண்பதைப் பிரிமொழிச் சிலேடை என்று நம் அணியிலக்கணம் போற்றும். செய்யுளில் அது புலவன் திறன். அழிக்கும் கட்டளையில் அது யாருடைய திறன்?

இவ்வாறு துண்டாக்குவது தவிர்க்கவியலாததொன்று எனக் கருதுவோர் ஷெல்லையே உற்றுநோக்குவாராக. ஒரு மாறியின் பெறுமானத்தை மற்றொரு மாறிக்கு இடும்போது, சமக்குறியின் வலப்புறத்தில் ஷெல் துண்டாக்குவதில்லை. அங்கு மேற்கோட்குறி இன்றியே பெறுமானம் முழுமையாகச் சென்று சேர்கின்றது. எனவே பெறுமானத்தைச் சிதையாமற் காக்க ஷெல் அறியும். அறிந்திருந்தும், அதிகம் தேவைப்படும் இடத்தில் காப்பதில்லை.

இந்நிலைக்கு ஒரு வரலாறு உண்டு. 1971இல் கென் தொம்சன் எழுதிய முதல் யுனிக்ஸ் ஷெல்லில் இத்தகைய மாறிகள் இருக்கவில்லை. 1979இல் பெல் ஆய்வுகூடம் வெளியிட்ட யுனிக்ஸ் ஏழாம் பதிப்பில், ஸ்டீபன் போர்ன் எழுதிய ஷெல்லோடு மாறிகளும், செய்நிரல்களுக்கு வழங்கப்படும் ‘சூழலும்’ ஒருங்கே வந்தன. அந்த ஷெல்லில் மாறி என்பது ஒற்றை எழுத்துச் சரமே. பட்டியல் என்றொரு வகை அதற்கில்லை. பல கோப்புகளின் பெயர்களை ஒரே மாறியில் வைக்க விரும்பியவன், இடைவெளியிட்டு எழுதி வைத்தான். பயன்படுத்தும்போது அதனைத் துண்டாக்க வேண்டியதாயிற்று. பட்டியல் இன்மையை மறைக்கப் போட்ட ஒட்டே இத்துண்டாக்கல். ஒட்டு நாளடைவில் விதியாயிற்று. 1992இல் பொசிக்ஸ் நியமம் அவ்விதியைச் சட்டமாகவே எழுதி வைத்தது.

இவ்வொட்டினால் விளைந்த கேடு மாணவரின் பயிற்சிக் கோப்புகளோடு நின்றுவிடவில்லை. 2001 நவம்பரில் அப்பிள் நிறுவனம் வெளியிட்ட ஐரியூன்ஸ் 2.0 மென்பொருளின் நிறுவற் கட்டளைகளில் ஒரு பாதைப் பெயர் மேற்கோட்குறியின்றி விடப்பட்டிருந்தது. வன்தட்டுப் பிரிவின் பெயரில் இடைவெளி வைத்திருந்த பயனர் சிலரின் தரவுகள் அதனால் அழிந்தன. நிறுவனம் திருத்திய பதிப்பை விரைந்து வெளியிட்டது. உலகின் தேர்ந்த பொறியியலாளரைக் கொண்ட நிறுவனமே வழுக்கி விழுந்த இடத்தில், முதலாண்டு மாணவனை மட்டும் குற்றக்கூண்டில் ஏற்றுவது எவ்வகையில் நீதி?

இரண்டாவது குறை, இன்மையையும் வெறுமையையும் ஷெல் வேறுபடுத்தாமையாகும். ஒருபோதும் பெறுமானம் இடப்படாத மாறியையும், எழுத்துப்பிழையாக எழுதப்பட்ட பெயரையும், வெறுமையான பெறுமானத்தையும் அது ஒன்றுபோலவே நடத்தி, அவ்விடத்தில் ஒன்றுமில்லாததை வைத்துவிட்டு மேலே செல்கின்றது. 2015 ஜனவரியில் வெளிவந்த ஸ்ரீம் விளையாட்டு மென்பொருளின் வழு இதற்குத் தக்க சான்று. லினக்ஸ் முறைமைக்கான அதன் கட்டளைக் கோவையில், ஒரு கோப்புறையின் பெயரை மாறியிற் கொண்டு, அதன் பின் சாய்கோடும் உடுக்குறியும் இட்டு, உள்ளவை அனைத்தையும் அழிக்கும் வரியொன்று இருந்தது. மாறி வெறுமையான வேளையில் சாய்கோடு மட்டுமே எஞ்சியது. சாய்கோடு என்பது முறைமை முழுவதன் வேர். பயனர் ஒருவரின் சொந்தக் கோப்புகள் யாவும் அழிந்தன. அவ்வரியில் மாறி மேற்கோட்குறிக்குள்ளேயே இருந்தது என்பதனையும், ‘அச்சந்தருவது’ எனும் பொருள்பட எழுதியவரே அதன் அருகிற் குறிப்பு இட்டிருந்தார் என்பதனையும் வாசகர் கவனிக்க. கவனம் இருந்தது, மேற்கோட்குறியும் இருந்தது, கருவி காக்கவில்லை.

மூன்றாவது, பெறுமானமிடும் முறையே குழப்பமானது. சமக்குறியின் இருபுறமும் இடைவெளி விட்டு எழுதினால், ஷெல் மாறியின் பெயரை ஒரு கட்டளையெனக் கொண்டு அதனைத் தேடிச் செல்கின்றது. கட்டளைக்கு முன்னால் ஒரே வரியில் பெறுமானத்தை எழுதினால், அது அக்கட்டளையின் சூழலுக்கு மட்டும் உரியதாகின்றது. ஆயினும் ‘எண்=5 காட்டு $எண்’ என்று எழுதுபவன் 5ஐக் காணமாட்டான். வரியில் உள்ள ‘$எண்’ விரிந்த பின்னரே 5 இடப்படுகின்றது. ஆகவே பழைய பெறுமானமே திரையில் தோன்றும். சாதாரணமாக இட்ட மாறி, ஷெல் தோற்றுவிக்கும் சேய்ச் செய்நிரலுக்குச் செல்லாது. ஏற்றுமதிக் கட்டளை இட்டாலன்றி அது சூழலிற் சேராது. சேர்ந்தாலும் சேய் பெறுவது பிரதியே. அங்கு செய்த மாற்றம் தாய்க்குத் திரும்பாது. பிரதி வழங்குவதில் எமக்கு மறுப்பில்லை. அது நல்ல ஏற்பாடே. தன்னளவில் நின்றுவிடும் மாறிக்கும், சேயின் சூழலுக்குள் நுழையும் மாறிக்கும் எழுத்தில் ஒரு வேறுபாடும் இல்லாமையே எமது முறைப்பாடு. ஒரே குறி இரு தொழில் செய்கின்றது. எத்தொழில் நிகழ்கின்றது என்பதைப் படிப்பவன் ஊகித்தறிய வேண்டியுள்ளது.

சூழலின் ஆபத்தை 2014 செப்ரெம்பரில் உலகம் கண்டது. 1988இல் பிறயன் பொக்ஸ் எழுதத் தொடங்கிய பாஷ் எனும் ஷெல், சார்புகளையும் சூழல் மாறிகளின் வழியே சேய்களுக்கு அனுப்பியது. அதன்பொருட்டு, வந்த மாறியின் பெறுமானம் சார்பு வரையறைபோல் தொடங்கினால் அதனைக் கட்டளையாகவே வாசித்தது. வரையறை முடிந்த பின்னும் நில்லாது, தொடர்ந்து வந்த சொற்களையும் நிறைவேற்றியது. இணையச் சேவையகங்களோ, யாரோ ஒருவர் அனுப்பும் கோரிக்கையின் தலைப்புகளைச் சூழல் மாறிகளில் இட்டுச் செய்நிரல்களுக்கு வழங்கும் வழக்கமுடையன. விளைவு, அறிமுகமற்ற எவரும் தொலைவிலிருந்தே கட்டளையிட வழி பிறந்தது. ஸ்ரெபான் ஷசெலா கண்டறிந்த இவ்வழு ‘ஷெல்ஷொக்’ எனப் பெயர் பெற்றது. ஏறத்தாழ 25 ஆண்டுகள் அது எவர் கண்ணிலும் படாமற் கிடந்தது. இங்கும் வேர் ஒன்றே: பெறுமானத்தைப் பெறுமானமாக விடாது, கட்டளையாக மறுபடியும் வாசித்தல்.

இனி மறுப்பாளரின் வாதங்களை நோக்குவோம். மேற்கோட்குறி இருக்கின்றதே, இட்டால் தீர்ந்தது என்பார் ஒரு சாரார். பாதுகாப்பான வடிவம் நீண்டும், ஆபத்தான வடிவம் குறுகியும் இருக்குமாறு ஒரு கருவியை ஆக்கிவிட்டு, மாந்தர் குறுகியதை எழுதுகின்றனரே என்று குறைகூறுதல் பொருந்தாது. அக்காலத்துக் கணினியின் நினைவகம் சிறிது என்பார் இன்னொரு சாரார். ஏழாம் பதிப்பு ஓடிய பிடிபி-11 கணினி, செய்நிரலின் கட்டளைப் பகுதிக்கும் தரவுப் பகுதிக்கும் தனித்தனியே 64 கிலோபைற்றுக்கு மேல் இடங்கொடாதது என்பது மெய்யே. போர்னின் ஆக்கத்தை அக்காலத்து அளவுகோலால் அளக்கும்போது நாம் அவரை மதிக்கவே வேண்டும். ஆனால் 1979இன் நெருக்கடி 1992இன் நியமத்துக்கு நியாயமாகாது.

ஏனெனில் மாற்றுவழி அதற்கு முன்னரே காட்டப்பட்டுவிட்டது. போர்னின் ஷெல் பிறந்த அதே பெல் ஆய்வுகூடத்தில், ரொம் டஃப் என்பார் ‘ஆர்சி’ எனும் ஷெல்லை ஆக்கி, 1990இல் அதுபற்றிக் கட்டுரையும் வெளியிட்டார். அதில் மாறியின் பெறுமானம் சரங்களின் பட்டியலாகும். ஒருமுறை படித்ததை மறுபடி படித்துத் துண்டாக்கும் வழக்கமே அங்கில்லை. வெறும் பட்டியலும் வெறுஞ்சரமும் அங்கு வெவ்வேறானவை. அதே ஆண்டில் தோன்றிய சீஷெல் தன் இயல்பு நிலையில் மாறிகளைத் துண்டாக்குவதில்லை. பழைய கட்டளைக் கோவைகள் ஓடவேண்டுமே என்ற கவலைக்கும் அது விடை வைத்திருக்கின்றது: பழைய ஷெல்லாக நடிக்கும்போது மட்டும் பழைய விதியைக் கைக்கொள்ளும். 2005இல் வந்த ஃபிஷ் ஷெல்லும் துண்டாக்கலை விலக்கிப் பட்டியலை ஏற்றது. ஆகவே முடியாமை ஒரு காரணமன்று, பழக்கமே காரணம்.

பழக்கத்தை மாற்றும் ஆற்றல் பயிற்றுவோர் கையிலும் உண்டு. மேற்கோட்குறியைப் பின்னொரு நாளுக்குரிய நுணுக்கமாக ஒத்திவையாது, மாறியைக் கற்பிக்கும் முதற்பாடத்திலேயே கற்பித்தல் வேண்டும். பெறுமானம் இடப்படாத மாறியைக் கண்டால் நிற்குமாறு ஷெல்லைப் பணிக்கும் தெரிவு 1979 முதலே உண்டு. அதனை ஒவ்வொரு கோவையின் தலையிலும் எழுதச் செய்தல் வேண்டும். அத்தெரிவு வெறுமையான பெறுமானத்தைத் தடுக்காது என்பதையும், அழிக்கும் வரிகளில் வெறுமையையும் மறுக்கும் வினாக்குறி வடிவம் தேவை என்பதையும் உடன் சொல்லுதல் வேண்டும். ஒரு பக்கத்தை மீறி வளரும் கோவையைப் பட்டியலும் பெறுமானமும் செவ்வனே உள்ள வேறொரு மொழியில் எழுதப் பழக்குதல் வேண்டும்.

இவை யாவற்றுக்கும் மேலாக, கருவி கோணலானது என்ற உண்மையை மாணவனிடம் வெளிப்படையாகச் சொல்லுதல் வேண்டும். தன் கையே குற்றமுடையது என்று நம்பவைக்கப்பட்டவன் அஞ்சி ஒதுங்குவான். அன்றேல் சூத்திரங்களை மனனம் செய்து பிழைப்பான். கருவியின் கோணலை அறிந்தவனோ அதனை நிமிர்த்த முயல்வான். டஃப் அவ்வாறே முயன்றார். நம் மாணவருள்ளும் அத்தகையோர் தோன்றவேண்டுமாயின், பழியை உரிய இடத்தில் வைத்துப் பாடத்தைத் தொடங்குவோமாக.