மலைக்குக் கீழே ஒரு மூத்த ஊர்

திருமலை தரிசனம் முடித்துத் திரும்புகிற நம்மவர்கள் திருச்சானூருக்கு ஒதுக்குவது ஒரு மணி நேரம், கூட்டம் இருந்தால் இரண்டு மணி நேரம். "கீழே தாயாரையும் சேவித்துவிட்டு வண்டியேறிவிடலாம்" என்பதுதான் வழக்கமான பேச்சு. வரிசை, குங்குமப் பிரசாதம், கோயில் வாசலில் வளையல், அதோடு பயணம் முடிந்துவிடுகிறது. மலை பெரியது, திருச்சானூர் அதன் வால் என்ற எண்ணம் நம் மனத்தில் எப்படியோ பதிந்துவிட்டது. கல்வெட்டுகளைப் படித்தால் இந்த வரிசை தலைகீழாகிறது. மலைக்கோயிலின் வரவு செலவையும் விளக்குகளையும் ஒரு காலத்தில் கவனித்துக்கொண்ட ஊர் இது. அந்தப் பழைய பொறுப்பை மனத்தில் வைத்துக்கொண்டு அதன் தெருக்களையும் மண்டபங்களையும் குளத்தையும் பார்த்தால் ஊர் வேறு மாதிரி தெரியும்.

திருப்பதியிலிருந்து தென்கிழக்கே சுமார் ஐந்து கிலோமீட்டர். பக்கத்தில் ஓடுவது சுவர்ணமுகி. நம் பழைய வழக்கில் பொன்முகலியாறு. சந்திரகிரிப் பக்கத்து மலைகளில் பிறந்து, காளத்தியைத் தொட்டுக் கடலுக்குப் போகிற ஆறு. ஆண்டின் பெரும்பகுதி மணல்தான் தெரியும். மழை கொட்டினால் கரையை உடைத்துக்கொண்டு வரும். 2021 நவம்பரில் திருப்பதி வட்டாரமே அதைப் பார்த்தது. ஆற்றங்கரை வயல், வயலை ஆளும் ஊர்ச்சபை, சபையின் பொறுப்பில் கோயில் என்று தொண்டை மண்டலத்தின் பழைய ஊர்கள் பலவும் வளர்ந்தது இப்படித்தான். திருச்சானூரும் அப்படி வளர்ந்த ஊர்தான்.

பல்லவ மன்னன் தந்திவர்மனின் காலத்தில், அதாவது 9ஆம் நூற்றாண்டில், வெட்டிய கல்வெட்டு ஒன்று இங்கே கிடைத்திருக்கிறது. ஊரின் பெயர் அதில் திருச்சொகினூர் என்று இருக்கிறது. சோழ நாட்டைச் சேர்ந்த உலகப்பெருமானார் என்பவர், இவ்வூரில் எழுந்தருளியிருந்த திருவிளங்கோயில் பெருமானுக்கு விளக்கெரிக்கக் கொடை தந்த செய்தி அது. இளங்கோயில் என்றால் மூலக்கோயிலுக்குப் பதிலாக, அதன் பிரதிநிதியாக எடுக்கப்படும் சிறு கோயில். காடும் மேடுமாக இருந்த மலைப்பாதையில் ஏற முடியாதவர்கள் வேங்கடத்துப் பெருமானைக் கீழேயே வழிபடுவதற்காக அது எழுந்தது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். திருமலைக் கோயிலின் வரலாற்றுக்குக் கிடைக்கும் மிகப் பழைய எழுத்துச் சான்றுகளில் இதுவும் ஒன்று. அது மலையுச்சியில் கிடைக்கவில்லை, இந்த ஆற்றங்கரையில் கிடைத்தது.

அடுத்து வருவது சாமவை. பல்லவர் குடியில் வந்த இந்தப் பெண்மணி திருமலைக்கு வெள்ளியில் ஒரு பெருமான் திருமேனியைச் செய்து தந்தார். கல்வெட்டின் காலம் பொதுவாக 966 என்று கணிக்கப்படுகிறது. போக சீனிவாசர் என்ற பெயரில் இன்றும் ஏகாந்த சேவையில் ஊஞ்சல் காண்பது அந்தத் திருமேனிதான். அந்த வழிபாட்டுக்கென அவர் எழுதிவைத்த நிலத்தில் திருச்சானூர் சபையாரிடம் விலைக்கு வாங்கியதும் அடக்கம். மலைமேல் நடந்த கொடைக்கும் சொத்து கீழே, சாட்சியும் கீழே.

முதலாம் இராஜேந்திர சோழன் காலத்துச் செய்தி ஒன்று இன்னும் உயிரோட்டமானது. திருவேங்கடமுடையானுக்கு 24 விளக்குகள் எரிப்பதாகப் பொன் பெற்றுக்கொண்ட திருமுண்டியம் என்ற ஊரின் சபையார், இரண்டு விளக்குகளை மட்டுமே எரித்துவந்தார்கள். கொற்றமங்கலமுடையான் என்ற அதிகாரி இதை விசாரித்தார். விசாரணை நடந்த இடம் திருச்சானூர். பொன்னைக் கோயில் பண்டாரத்தில் சேர்க்கச் சொல்லி, 24 விளக்குகளும் குறையாமல் எரிய வழி செய்தார். பக்தர் தந்த பணம் சொன்ன காரியத்துக்குப் போகிறதா என்று கேட்கும் வழக்கம் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இங்கே இருந்தது, கேட்டதன் முடிவு கல்லிலும் ஏறியது. நம் நாட்டில் எந்தக் கோயிலின் நிர்வாகத்தைப் பற்றிப் பேசும்போதும் இந்தச் செய்தி நினைவுக்கு வரவேண்டும் என்று நினைக்கிறேன்.

இந்தக் கல்வெட்டுகள் தமிழில் இருப்பதைச் சொன்னதும் நம்மிடையே ஒரு விவாதம் கிளம்புவது உண்டு. அப்படியானால் இது யார் ஊர்? 1911இல் சித்தூர் மாவட்டம் அமைவதற்கு முன் இந்தப் பகுதி வடாற்காட்டில் இருந்தது. 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தது. எல்லைச் சிக்கல்கள் பேசித் தீர்க்கப்பட்டு, 1960இல் திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது. 2022 ஏப்ரலில் திருப்பதியே தனி மாவட்டமாயிற்று. இவை நிர்வாகக் கோடுகள். அவை வரையப்படுவதற்கு வெகுகாலம் முன்பே இங்கே தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசியிருக்கின்றன. ஆழ்வார் பாசுரம் ஒலித்த சந்நிதியிலேயே தாள்ளப்பாக்கம் அன்னமாச்சாரியரின் (1408–1503) அலமேல்மங்கைக் கீர்த்தனைகளும் ஒலித்தன. இன்றும் பூக்கடைக்காரம்மாவிடம் தமிழில் விலை கேட்டால் தமிழிலேயே பதில் வரும். அடுத்த நொடி பக்கத்துக் கடையோடு அவர் தெலுங்கில் பேசுவார். தமிழ்க் கல்வெட்டு நமக்கு இவ்வூரின் மேல் உரிமை தருவதில்லை. அதைப் படிக்க முடிந்தவர்கள் என்ற முறையில் ஒரு கடமையைத் தருகிறது.

இனிக் கட்டடங்களுக்கு வருவோம். ஊருக்கு வருகிறவர் கண்ணில் முதலில் படுவது தாயார் கோயிலின் கோபுரம். ஆனால் அந்த வளாகத்தில் காலத்தால் மூத்தது ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும் கிருஷ்ணசுவாமி சந்நிதி. 1221ஆம் ஆண்டிலேயே அது இருந்ததற்குக் கல்வெட்டுச் சான்று உண்டு. சுந்தரராஜசுவாமி சந்நிதி 16ஆம் நூற்றாண்டில், விஜயநகர ஆட்சியில் 1540களில் எழுந்தது. அதன் முகமண்டபத் தூண்களின் அருகே சற்று நில்லுங்கள். பிற்காலச் சாயப்பூச்சும் சலவைக்கல்லும் சேராத இடங்களில், உளி பட்ட கருங்கல் தன் நிறத்திலேயே இருக்கும். சதுரம், எட்டுப்பட்டை, மீண்டும் சதுரம் என்று தூண் மாறி மாறிப் போவதும், சதுரமான முகங்களில் சிறு புடைப்புச் சிற்பங்கள் வருவதும் அந்தக் காலத்துக் கைவரிசை.

நம் ஊர்க் கோயில்களில் பழையது சிறியதாக உள்ளே இருக்கும், புதியது பெரியதாக வெளியே நிற்கும். இதற்குக் காரணம் எளிது. கருவறையை இடித்துப் பெரிதாக்க யாருக்கும் மனம் வராது. செல்வம் சேரச் சேர, அதைச் சுற்றி மண்டபம், அதைச் சுற்றிப் பிராகாரம், அதன் வாயிலில் கோபுரம் என்று கோயில் வெளிப்பக்கமாக வளரும். அதனால்தான் வெளிக்கோபுரம் உயர்ந்தும் கருவறை விமானம் தாழ்ந்தும் தெரிகின்றன. திருப்பதி கோவிந்தராஜர் கோயிலின் பெரிய வெளிக்கோபுரத்தை 17ஆம் நூற்றாண்டில் மட்லி அனந்தராஜன் எடுத்ததும் இந்த முறையில்தான். கோபுரத்தின் கீழ்ப்பகுதி கருங்கல், மேல்நிலைகள் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும், மேலே சுதைச் சிற்பங்கள். கல்லைப் போலச் செங்கல் கனக்காது; நிலைக்கு நிலை அளவும் சுருங்கிக்கொண்டே போகும். அதனால் அடித்தளம் அத்தனை உயரத்தைத் தாங்குகிறது. சுதை மழையில் கரையும், வெயிலில் வெடிக்கும்; சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பழுது பார்த்தே ஆகவேண்டும். குடமுழுக்கு என்ற சடங்குக்குள் இந்தப் பராமரிப்புக் கணக்கும் இருக்கிறது.

பக்கத்திலுள்ள யோகிமல்லவரத்தில் பராசரேசுவரர் என்ற சிவன் கோயில் இருக்கிறது. பழைய கல்வெட்டுகள் அவ்வூரை முனைப்பூண்டி என்கின்றன. சோழர் காலத்துக் கல்வெட்டுகளும் யாதவராயர் காலத்துக் கல்வெட்டுகளும் அதன் சுவர்களில் உண்டு. தாயார் கோயிலில் ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நிற்கும் அதே நேரத்தில், நடந்து போகிற தூரத்திலுள்ள இந்தக் கோயிலில் பெரும்பாலும் அமைதிதான். வைணவத் தலம் என்று நாம் அறிந்த ஊரின் பக்கத்திலேயே சிவன் கோயிலும் அதே சோழர் ஆட்சியில் நிலமும் விளக்கும் பெற்று வாழ்ந்தது. இதைப் பார்க்காமல் திருச்சானூரைப் பார்த்ததாகச் சொல்லிக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

குளத்தைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் இந்த ஊரின் மையம் அதுதான். பத்ம சரோவரத்தில் பொற்றாமரையில் தாயார் தோன்றியது கார்த்திகை மாத வளர்பிறைப் பஞ்சமியில் என்பது தலபுராணம். அந்த நாளில்தான் கார்த்திகைப் பிரம்மோற்சவம் பஞ்சமி தீர்த்தமாக நிறைவு பெறுகிறது. திருமலையிலிருந்து பட்டும் மஞ்சளும் பலகாரமும் சீர்வரிசையாக யானைமேல் வருகின்றன; பசுப்பு மண்டபம் என்கிற மஞ்சள் மண்டபத்தில் தங்கிக் கோயிலுக்குள் போகின்றன. புகுந்த வீட்டிலிருந்து மருமகளுக்குச் சீர் வரும் காட்சி. அன்று சக்கரத்தாழ்வார் நீராடும் முகூர்த்தத்தில் ஆயிரமாயிரம் பேர் ஒரே சமயத்தில் குளத்தில் முங்குகிறார்கள். குளத்தின் அமைப்பு அதற்கு இடங்கொடுப்பதாக இருக்கிறது. நாற்புறமும் படிக்கட்டு இருப்பதால் நீர் எந்த மட்டத்தில் நின்றாலும் கால் வைக்க ஒரு படி உண்டு. நடுவில் நீராழி மண்டபம். ஆனி மாத வாக்கில் நடக்கும் தெப்பத் திருவிழாவில் கரையின் எந்தப் பக்கத்தில் நின்றாலும் உற்சவரைச் சேவிக்கலாம். மேடை நடுவில், பார்வையாளர் சுற்றிலும், படிகளே இருக்கை என்பதைவிட நல்ல அரங்க அமைப்பு வேறென்ன வேண்டும்?

மாட வீதிகளும் இப்படித்தான். தேரின் அகலமும் அது மூலையில் திரும்பத் தேவைப்படும் இடமும் சேர்ந்து தெருவின் அளவை முடிவு செய்தன. வாகனம் புறப்படும் இரவுகளில் ஓரமாக நின்று பார்த்தால், அத்தனை இடம் ஏன் என்று சொல்லாமலே புரியும். மற்ற நாள்களில் அந்த இடத்தில் ஆட்டோக்களும், தாமரை மொட்டுகளைக் கூடையில் அடுக்கிய பெண்களும், குங்குமமும் மஞ்சள்கிழங்கும் குவித்த தட்டுகளும், மலையில் முடியிறக்கிச் சந்தனம் பூசிய தலையோடு வந்திறங்கும் குடும்பங்களும். வீட்டு முகப்பில் திண்ணை வைத்த ஓட்டு வீடுகள் குறைந்து, தங்கும் விடுதிகள் எழுந்துவிட்டன. திண்ணை போனதில் எனக்கு வருத்தம் உண்டு. வழிப்போக்கன் கேட்காமலே உட்காரக்கூடிய இடம் அது.

வருகிறவர்களை வைத்து வாழும் ஊர்களுக்கு உலகெங்கும் ஒரு பொதுக் குணம் உண்டு. இத்தாலியின் துறைமுக நகரமான ஜெனோவாவில், 16ஆம் நூற்றாண்டில், குடியரசுக்கு வரும் அரசு விருந்தாளிகளைத் தங்கவைக்கத் தனி அரண்மனை கிடையாது. செல்வர்களின் மாளிகைகளை 1576இல் பட்டியலிட்டு, வந்தவரின் தகுதிக்கேற்பச் சீட்டுக் குலுக்கிப்போட்டு, இன்னார் வீட்டில் இன்னார் தங்கவேண்டும் என்று அரசே முறை வகுத்தது. விருந்தோம்பல் சட்டமானதும் முகப்பும் படிக்கட்டும் முற்றமும் அதற்கேற்ப அழகுபெற்றன. அந்தத் தெருக்களை 2006இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. திருச்சானூருக்குக் கடல் இல்லை. ஆனால் வருகிறவர் நிற்க மண்டபம், குளிக்கப் படித்துறை, தங்கச் சத்திரம், உண்ண அன்னதானக் கூடம் என்று இங்கே கல்லும் சுண்ணாம்பும் பட்ட பாடு முழுவதும் வந்தவருக்காகத்தான். ஜெனோவாவில் விருந்தாளி தூதராகவோ அரசராகவோ இருக்கவேண்டும். இங்கே செருப்பைக் கழற்றிவிட்டு வந்த எவரும் போதும்.

இத்தனையும் இருந்தும், ஒரு சாதாரண யாத்திரிகருக்கு இதைச் சொல்ல அங்கே என்ன ஏற்பாடு இருக்கவேண்டும்? வரிசைத் தடுப்புகளின் ஓரமாக, கிருஷ்ணர் சந்நிதியிலும் சுந்தரராஜர் சந்நிதியிலும் யோகிமல்லவரத்திலும், தமிழிலும் தெலுங்கிலும் ஒரு பலகை வைத்தால் போதும். எந்த ஆண்டு, யார் ஆட்சி, எந்தக் கல்வெட்டு, அது சொல்வது என்ன என்று நான்கே வரிகள். கல்வெட்டு உள்ள சுவரின்மேல் வெள்ளையடிக்காமலும் சலவைக்கல் ஒட்டாமலும் இருக்கவேண்டும். பலகைக்கு வேண்டிய செய்தியைப் புதிதாகத் தேடவும் வேண்டியதில்லை. திருமலை திருப்பதி தேவஸ்தானம் இன்றைய வடிவில் 1933இல் அமைவதற்கு முன்பே, ஹாதிராம்ஜி மடத்து மகந்துகள் நிர்வகித்த காலத்தில், சாது சுப்பிரமணிய சாஸ்திரி பதிப்பித்த கல்வெட்டுத் தொகுதி 1931இல் அச்சேறிவிட்டது. திருச்சொகினூரின் விளக்குக் கொடை அந்த முதல் தொகுதியிலேயே இருக்கிறது.