கேபிளில் கரையும் சமிக்ஞை

ஆந்திரப் பிரதேசத்தின் திருப்பதி மாவட்டத்தில், தமிழக எல்லையை அடுத்து அமைந்தது நாகலாபுரம். அவ்வூரில் ஒரு வீட்டின் மாடியில் பொருத்தப்படும் சிறு டிஷ் ஆண்டெனாவும், அதற்கு மேற்கே திருப்பதி-சித்தூர்ச் சாலையிலுள்ள காதங்கியில் நிறுவப்பட்ட மாபெரும் ராடாரும் ஒரே விதிக்கு உட்பட்டவை. ஆண்டெனாவுக்கும் கருவிக்கும் இடையே ஓடும் கேபிள், தன் வழியே செல்லும் சமிக்ஞையில் ஒரு பகுதியை விழுங்கிவிடும் என்பதே அவ்விதி. ராடாரை அமைத்த விஞ்ஞானிகள் இதை நன்கு அறிவர். கடையில் கேபிள் வாங்கும் குடும்பத்தினருக்கோ இதை எடுத்துச் சொல்வார் அரிது.

இவ்வகைக் கேபிள் கோஆக்ஸியல் கேபிள் எனப்படும். நடுவில் ஒரு செப்புக் கம்பி. அதைச் சுற்றி மின்கடத்தாப் பொருள். அதன்மேல் உலோகப் பின்னல். எல்லாவற்றுக்கும் மேலாக ஓர் உறை. கம்பியும் பின்னலும் ஒரே அச்சைக் கொண்டவையாதலால் இப்பெயர் வந்தது. அலை இவ்விரண்டுக்கும் இடையிலேயே அடங்கிச் செல்கிறது. வெளிக் குறுக்கீடுகள் எளிதில் உட்புகுவதில்லை. ஆலிவர் ஹெவிசைட் 1880ஆம் ஆண்டிலேயே இவ்வமைப்புக்குக் காப்புரிமை பெற்றார்.

உயர் அதிர்வெண் மின்னோட்டம் கம்பியின் உட்பகுதியை நாடாது, மேற்பரப்பிலேயே பாயும் இயல்புடையது. 53 மெகாஹெர்ட்ஸில் அது செம்பில் ஊடுருவும் ஆழம் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கே. பாயும் இடம் குறுகுவதால் தடை பெருகுகிறது. அதிர்வெண் உயர உயர இழப்பும் மிகுகிறது. இவ்விழப்பை டெசிபெல் என்னும் அலகால் அளப்பர். 3 டெசிபெல் குறைந்தால் சக்தியில் பாதி போயிற்று. 10 டெசிபெல் குறைந்தால் பத்தில் ஒரு பங்கே எஞ்சும். ஆர்.ஜி. 58 என்னும் மெல்லிய கேபிளில் 100 மெகாஹெர்ட்ஸ் சமிக்ஞை 30 மீட்டர் சென்றால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே மிஞ்சும். பருத்த ஆர்.ஜி. 213 கேபிளில் அதே தொலைவில் ஐந்தில் மூன்று பங்கு மிஞ்சும். ஆகவே, அதிர்வெண்ணையும் நீளத்தையும் கூறாமல் ஒரு கேபிளை ‘நல்லது’ என்பது பொருளற்ற பேச்சாகும்.

50 ஓம், 75 ஓம் என்னும் குறிப்புகளும் பலரைக் குழப்புகின்றன. இவை கம்பியின் தடையைக் குறிப்பன அல்ல. கேபிளின் சிறப்பு மின்மறிப்பைக் குறிப்பன. காற்று நிரம்பிய கேபிளில் இழப்பு மிகக் குறைவாயிருப்பது 77 ஓம் அளவில். மிகுந்த சக்தியைத் தாங்குவது 30 ஓம் அளவில். இவற்றுக்கு இடைப்பட்ட 50 ஓம் பெரும்பாலும் ஒலிபரப்புக் கருவிகளுக்கும், 75 ஓம் தொலைக்காட்சிக்கும் வழக்காயின. ஒன்றுக்கு மற்றொன்றை இணைத்தால் சக்தியில் 4 சதவீதம் எதிரொலித்துத் திரும்பும். வீட்டில் இது சிறு குறையே. பெருஞ்சக்திக் கருவியில் அலட்சியப்படுத்தத் தக்கதன்று.

காதங்கி ராடார் 53 மெகாஹெர்ட்ஸில் இயங்கி, வானின் காற்றோட்டங்களை அளக்கிறது. தொடக்கத்தில் அதன் 1024 ஆண்டெனாக்களுக்கு 32 ஒலிபரப்பிகள் சக்தி அளித்தன. நெடுங்கேபிள்களும் பங்கிடு கருவிகளும் இடையே நின்றன. அத்தகைய அமைப்பில் கேபிள்களின் நீளமும் ஒத்திருத்தல் வேண்டும். சாதாரணக் கேபிளில் 10 சென்டிமீட்டர் வேறுபட்டாலும் அலையின் கட்டம் இவ்வதிர்வெண்ணில் ஏறத்தாழ 10 பாகை பிசகும். பின்னர் ஒவ்வோர் ஆண்டெனாவுக்கும் தனித்தனியே ஒரு கிலோவாட் திண்மநிலைக் கருவி அதன் அருகிலேயே அமைக்கப்பட்டது. நெடுங்கேபிளில் சக்தியை இழப்பதைவிட, சக்தியை ஆண்டெனாவின் அருகிலேயே உண்டாக்குவது மேல் என்பதே இதன் கருத்து.

டிஷ் ஆண்டெனாவின் முனையிலுள்ள எல்.என்.பி. செய்வதும் இதை ஒத்ததே. செயற்கைக்கோளிலிருந்து வரும் 11, 12 கிகாஹெர்ட்ஸ் அலை சாதாரணக் கேபிளில் சில மீட்டர்களிலேயே நலிந்துவிடும். எனவே எல்.என்.பி. அதை அங்கேயே பெருக்கி, 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள எல்லைக்குத் தாழ்த்தி அனுப்புகிறது. அப்படியும் ஆர்.ஜி. 6 கேபிளில் மேல் எல்லையருகே 10 மீட்டருக்குப் பாதி சக்தி போகிறது. 30 மீட்டரில் எட்டில் ஒரு பங்கே எஞ்சுகிறது.

‘எல்.என்.பி. போதிய அளவு பெருக்கிவிடுகிறதே. டிஜிட்டல் படம் தெளிவாகத்தானே வருகிறது. மலிவான கேபிள் போதாதா?’ என்று கேட்கலாம். குறுகிய தொலைவுக்குப் போதும். அங்கே விலையுயர்ந்த கேபிள் வீண் செலவே. ஆனால் நீண்ட கேபிளும், முறுக்கிக் கட்டிய ஒட்டுகளும், தளர்ந்த முனைகளும் சேர்ந்தால் சமிக்ஞையின் கையிருப்பு கரைந்துவிடும். டிஜிட்டல் படம் சிறுகச் சிறுக மங்கித் தன் குறையை அறிவிப்பதில்லை. ஒரு நாள் திடீரென நின்றுவிடும். வடகிழக்குப் பருவமழையில் மழைத்துளிகளே சமிக்ஞையை நலிவிக்கும்போது இது நிகழும். பழி முழுவதும் மழையின்மேல் போகும், கேபிள் தப்பித்துக்கொள்ளும்.

செம்பு பூசிய எஃகுக் கம்பி மேற்பரப்பில் ஓடும் உயர் அதிர்வெண்ணுக்கு ஏற்றதே. ஆனால் எல்.என்.பி.க்குச் செல்லும் 13 அல்லது 18 வோல்ட் நேர்மின்னோட்டம் கம்பி முழுவதிலும் பாய்வதால், நெடுந்தொலைவுக்குத் தூய செம்பே சிறந்தது. முனைகளில் நீர் புகாது அடைத்தலும், கேபிள் சுவரில் நுழையுமுன் நீர் சொட்டும்படி அதைச் சிறிது தாழ வளைத்தலும் செலவற்ற காப்புகள்.

ஆகவே, வாங்குவோர் விலையை மட்டும் கேளாது, இன்ன அதிர்வெண்ணில் 100 மீட்டருக்கு எத்தனை டெசிபெல் இழப்பு என்பதையும் கேட்டல் வேண்டும். அவ்வெண்ணை உறையின்மீதே தமிழிலும் தெலுங்கிலும் அச்சிடுதல் உற்பத்தியாளருக்குப் பெருஞ்செலவு ஆகாது. தொழிற்பயிற்சி நிலையங்களில் அதன் பொருளைக் கற்பித்தலும் அரிய செயல் அன்று. மாதக் கட்டணமின்றி டி.டி. ஃப்ரீ டிஷ் பார்க்கும் குடும்பத்துக்கு ஒருமுறை வாங்கும் கருவியும் கேபிளுமே செலவு. அச்செலவு வீண்போகாதிருக்க அந்த ஓர் எண் போதும். காதங்கியில் பயன்பட்ட அறிவு நாகலாபுரத்து மாடிக்கும் எட்டுதல் வேண்டும்.